‘போர்டு போய்விட்டது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்

சித்திரை, வைகாசி மாதங்களில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மாலையில் இடியுடன் மழை பெய்தால், மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் எனக்கு நாலைந்து தொலைபேசி அழைப்புகள் வந்துவிடும். பேசுகிறவர் இ-சேவை மையம் நடத்துபவராக இருப்பார், தக்காளி மண்டியில் பில் போடுபவராக இருப்பார், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற மாணவியாக இருப்பார். வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை: “கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. போர்டு போய்விட்டது என்கிறார்கள்.”

பெரும்பாலும் போர்டு, அதாவது கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, போயிருக்காது. தர்மபுரியில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். உண்மையிலேயே கெட்டுப்போன மதர்போர்டுகளைவிட, கெட்டுவிட்டது என்று சொல்லி ஓரங்கட்டப்பட்ட நல்ல மதர்போர்டுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது. நமக்கு உதிரிபாகச் சந்தை என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு, இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. தவறான பாகத்தை வாங்கி வந்தால் பணத்தோடு ஒரு நாள் பஸ் பயணமும் வீண்.

நான் பின்பற்றும் வரிசை எளியது. சுவரில் உள்ள பிளக்கில் தொடங்கி உள்நோக்கிப் போவேன். விலை குறைந்ததை முதலில் சந்தேகிப்பேன், விலை உயர்ந்ததைக் கடைசியில். கையில் வேண்டியவை ஒரு ஸ்டார் திருப்புளி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், மெல்லிய பெயிண்ட் பிரஷ், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர். கேபினெட்டைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. உள்ளே எதையும் தொடுவதற்கு முன் கேபினெட்டின் வெறும் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை

முதலில் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். எரிகிறதா? அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் உள்ள பியூஸ் போயிருக்கலாம், பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தான் வெளியே தள்ளியிருக்கலாம். பிறகு மின்வயர். மானிட்டருக்கும் கேபினெட்டுக்கும் பெரும்பாலும் ஒரே வகை வயர்தான் போகும், மாற்றிச் செருகிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கேபினெட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒரு ஸ்விட்ச் இருக்கும், சுத்தம் செய்யும்போது யார் கையாவது பட்டு அணைந்திருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிற மாற்றி ஒன்றும் உண்டு. அது 230இல்தான் இருக்க வேண்டும். அதை 115க்குத் தள்ளி ஸ்விட்சைப் போட்டால் எஸ்எம்பிஎஸ் அந்த நொடியே வெடித்துப் போகும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால், பிளக்கை உருவிவிட்டு, முன்பக்கப் பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். மின்னழுத்தம் திடீரென்று ஏறியிறங்கும்போது சில எஸ்எம்பிஎஸ்கள் தற்காப்புக்காகத் தம்மைத்தாமே பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். இடி மழைக்கு மறுநாள் வரும் அழைப்புகளில் சிலவற்றை இந்த ஒரு வேலையைச் சொல்லித் தொலைபேசியிலேயே முடித்திருக்கிறேன்.

அதற்கும் அசையாவிட்டால் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பிளக் செருகியிருக்கும்போது மதர்போர்டில் ஒரு சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எல்லாப் போர்டிலும் அது இருக்காது. எரிந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வருகிறது என்று பொருள். அப்போது சந்தேகம் பவர் பொத்தான் மீது திரும்ப வேண்டும். பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் செருகியிருக்கும். அந்த வயரைக் கழற்றி, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொடுங்கள். கணினி எழுந்துவிட்டால் கெட்டது பொத்தான்தான். ரீசெட் பொத்தானின் வயரை எடுத்து அந்த இடத்தில் செருகினால் செலவே இல்லாமல் வேலை முடிந்தது.

விளக்கு எரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். 24 ஊசி இணைப்பியை மதர்போர்டிலிருந்து கழற்றி, பிளக் உருவிய நிலையில், அதன் பச்சை வயர்த் துளையையும் பக்கத்துக் கருப்பு வயர்த் துளையையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது. அது மட்டும் போதாது, மல்டிமீட்டரை டிசி அளவில் வைத்து அளந்து பாருங்கள். மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். இதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டும். சுமை இல்லாமல் சரியாகக் காட்டி, சுமை ஏறியதும் சரிந்துவிடும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. அதனால் நண்பரிடமிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. எல்லா வயரும் கருப்பாக வரும் புதிய மாடல்களில் கம்பித்துண்டு வேலையே வேண்டாம். நேராக மாற்றிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே டிசியாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கை உருவிய பின்னும் அதன் பெரிய கெபாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) அது தங்கியிருக்கலாம்.

விசிறி சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது

நல்ல போர்டுகள் அதிகம் பழி சுமப்பது இந்த அறிகுறியில்தான். அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்துக் காட்டுகிறதென்றால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. இப்போது விசைப்பலகையில் ‘நம் லாக்’ (Num Lock) விசையைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. குறை படம் வரும் வழியில் இருக்கிறது. எச்டிஎம்ஐ வயரை மாற்றுங்கள். திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், வயரைக் கார்டின் துளையில் செருகியிருக்கிறீர்களா, மதர்போர்டின் துளையில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கார்டில்தான் செருக வேண்டும். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் செருகிச் சோதிப்பது நல்ல வழிதான். ஆனால் எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. அவற்றில் மதர்போர்டுத் துளையிலிருந்து படம் எப்போதும் வராது.

‘நம் லாக்’ விளக்கு அசையவில்லையா? ராமுக்கு (கணினியின் தற்காலிக நினைவகப் பட்டை) போங்கள். அரூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், புதிய போர்டு வாங்க வேண்டும் என்று எங்கோ சொல்லிவிட்டார்கள் என்று கேபினெட்டைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ராமைக் கழற்றினேன். அதன் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலான படலம் இருந்தது. வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டையும் ஊதிச் சுத்தம் செய்து மீண்டும் செருகினேன். இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. அடுத்த நிமிடம் திரை எழுந்தது. அவர் அப்பா அந்தப் போர்டுக்காக ஆடு விற்கத் தயாராக இருந்தார் என்பதைப் பிறகுதான் சொன்னார். இன்றைக்கும் எந்தக் கணினியைத் திறந்தாலும் என் கை முதலில் ராமுக்குத்தான் போகிறது.

இரண்டு ராம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் செருகிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் ஒரு ஜோடிக்குரிய இடங்கள். ஒரு ராம் என்றால் இரண்டாவதில். செருகும்போது வெட்டுக்குறி பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற மூன்று தலைமுறை ராம்களுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது.

டிடிஆர்5 ராம் போட்ட புதிய கணினி முதல்முறை எழும்போதும், ராம் மாற்றிய பிறகும், சில நிமிடங்கள் கருப்புத் திரையோடு நிற்பது உண்டு. அந்த நேரத்தில் அது ராமை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் கொடுத்துவிட்டுத்தான் கவலைப்பட வேண்டும்.

ராம் சரியென்றால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை அழித்துப் பாருங்கள். பிளக்கை உருவி, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ செல்லைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். அதன் பிறகு பிராசசருக்கு அருகே மேல் மூலையில் செருகும் 4 அல்லது 8 ஊசி இணைப்பி. தூசு தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான். இது இல்லாமலும் விசிறிகள் அழகாகச் சுற்றும், திரை மட்டும் வராது. கடந்த சில ஆண்டுகளில் வந்த போர்டுகள் பலவற்றில் பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். பழைய போர்டுகளில் பீப் ஒலி அந்த வேலையைச் செய்யும். ஒலிக்குப் பொருள் பயாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றுபோகிறது

எங்கோ ஷார்ட் ஆகிறது. முன்பக்க யுஎஸ்பி துளைகளை முதலில் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாக அழுத்திச் செருகி, உள்ளே உள்ள தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பிறகு மதர்போர்டுக்குப் பின்னால் விழுந்த திருகு. கிராமத்து வீடுகளில் எறும்புக் கூட்டையும், காய்ந்த பல்லியையும்கூட எடுத்திருக்கிறேன். பிராசசர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான். போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, அப்போது மட்டும் போர்டைச் சந்தேகியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது

எப்போது அணைகிறது என்று இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளே பாதி விடையைச் சொல்லிவிடும்.

ஓட்டத் தொடங்கி இருபது முப்பது நிமிடத்தில், அதுவும் பகலில், கனமான வேலை செய்யும்போது அணைந்தால் வெப்பம். பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களுக்கு அருகே உள்ள அலுவலகக் கணினிகளைத் திறந்தால் பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கல்தூள் மாவாக அடைத்துக் கிடக்கும். சாலையோரக் கடைகளில் புழுதியோடு கொசுவர்த்திப் புகையும் சேர்ந்து பிசினாக ஒட்டிக்கொள்கிறது. நம் கோடையில் அறையே 38 டிகிரியைத் தொடும்போது, காற்று போக வழியில்லாத பிராசசர் 95, 100 டிகிரிக்குப் போய்விடும். முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் தாங்காவிட்டால் அணைந்துவிடும். எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் வெப்ப அளவைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 60, 70 டிகிரி காட்டினால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம்.

கேபினெட்டை வாசலுக்கு எடுத்துச் சென்று பிரஷ்ஷும் புளோயரும் கொண்டு தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அது வெறிகொண்டு சுற்றினால் தாங்கி தேய்ந்துபோகும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய வெப்பப் பசையை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கல்தூள் உள்ள இடமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்ற வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்யுங்கள். கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்தாலே உள்ளே போகும் புழுதி நன்றாகக் குறைகிறது.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் வரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அணைந்தால் கணினியில் குறையே இல்லை. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, சாதாரண நிலை ஒன்று, யுபிஎஸ் நிலை ஒன்று. சாதாரண நிலையில் மாறும் நேரம் கணினிக்குத் தாங்காது. யுபிஎஸ் நிலைக்குத் தள்ளுங்கள். தனி யுபிஎஸ் வைத்திருந்து அப்படியும் அணைந்தால் பேட்டரி கிழடாகிவிட்டது. சிறு யுபிஎஸ்களில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை மாற்ற வேண்டிவரும். பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்கிறது, யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம்.

பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் கணினி அணைகிறது என்று ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பல வாரம் தவித்தார். லேசர் பிரிண்டரையும் யுபிஎஸ்ஸில் செருகியிருந்தார். 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் நொடியில் அதைவிட அதிகமாக இழுக்கும். பிரிண்டரை நேராகச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றினோம், தொல்லை அன்றே தீர்ந்தது.

நேரமும் இல்லை, காரணமும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் காட்டிப் பயப்படுகிறவர்கள் உண்டு. முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை.

நீலத் திரை வந்து நின்றால் கதை வேறு. மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ராமைச் சோதிக்க விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் ராமை நம்ப முடியாது. பிழையே இல்லையென்றால் டிஸ்க்கையும் அண்மையில் நிறுவிய டிரைவரையும் பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதைப் பலர் பழகிக்கொள்கிறார்கள், செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறு கெபாசிட்டர்கள் இணைத்திருப்பார்கள். அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த் வயரில் இறங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே நின்று, மின்னழுத்தத்தில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் கேபினெட்டில் நிற்கும். மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை. நாளை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையாகவே பேஸ் வயர் பெட்டியைத் தொட்டுவிட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை என்று அது இன்றே சொல்கிறது.

2004இல் மாவட்டம் இரண்டானாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் அடியில் உள்ள பாறை ஒன்றுதான். நம் கிணற்று நீரில் புளோரைடைக் கலந்து பல் கறையையும் மூட்டு வலியையும் தந்த அதே கடினப் பாறை, எர்த் விஷயத்திலும் நமக்கு எதிராக நிற்கிறது. இரண்டடி தோண்டினால் கல். வீடு கட்டும்போது ஓர் இரும்புக் கம்பியை அந்தக் கல்லின் மேல் நிறுத்தி மண்ணைத் தள்ளிவிட்டால் அது பெயருக்குத்தான் எர்த். ஈரமில்லாத கல் மண்ணில் மின்சாரம் இறங்காது. ஆழக் குழி எடுத்து, கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் அது வேலை செய்யும். மார்கழியில் இல்லாத சுருக்கு சித்திரையில் வந்தால் எர்த் குழி காய்ந்துவிட்டது என்று பொருள்.

சோதிப்பது எளிது, ஆனால் மின்சாரம் ஓடும் சாக்கெட் என்பதால் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்தே பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து மூன்று இடங்களை அளக்க வேண்டும். பேஸ்-நியூட்ரல் சுமார் 230. பேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். பேஸ்-எர்த் 100, 120 என்று தள்ளாடினால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது குழி செத்துவிட்டது. நியூட்ரல்-எர்த் 20, 30 என்று காட்டினாலும் விடாதீர்கள்.

ஒரு தவறை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து “எர்த் கொடுத்துவிட்டேன்” என்று சிலர் போய்விடுகிறார்கள். சுருக்கென்பது நிற்கும், மல்டிமீட்டரும் சரியாகக் காட்டும். என்றைக்காவது அந்த நியூட்ரல் வயர் வழியில் அறுந்தால் வீட்டில் உள்ள கேபினெட், பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் ஏறிவிடும். இது உயிர் விஷயம். முறையான எர்த் குழியும், மீட்டர் அருகே 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். புதிய கிராபிக்ஸ் கார்டு அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடிகாரம் பின்னுக்குப் போகிறது

நாணய வடிவ சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது. புதிதாக 3 வோல்ட் காட்டும், 2.7க்குக் கீழே போனால் மாற்றுங்கள். இ-சேவை மையங்களில் இது வேறு முகத்தோடு வரும். எந்த அரசு இணையதளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று உலாவி மறுக்கும். இணைய நிறுவனத்தோடு சண்டை போடும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். ஆண்டே தவறாக இருக்கும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் மிக மெதுவாக

டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற வரியைப் பாருங்கள். எதுவும் செய்யாமலே 100 சதவீதத்தில் நின்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் தடை. சாடா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத, ஹார்ட் டிஸ்க்கின் வயரிலேயே இணையும் சேமிப்பகம்) ஒன்று போட்டால் பத்து ஆண்டுப் பழைய கணினியும் நிமிர்ந்து உட்காரும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும் இடத்தில் சாடா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் படிக்கிறது. சிறு சிறு கோப்புகளில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. நான் பரிந்துரைக்கும் முதல் மேம்பாடு எப்போதும் இதுதான், அடுத்தது ராமை 8 ஜிபிக்கு ஏற்றுவது. எம்.2 வடிவ எஸ்எஸ்டி (வயர் இல்லாமல் போர்டிலேயே செருகும் சிறு பட்டை) வாங்குவதாக இருந்தால் உங்கள் போர்டின் ஸ்லாட் என்விஎம்இ என்ற வேகமான வகையை ஏற்குமா, சாடா மட்டும் ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிப் போகாது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் வேண்டும். அதற்கு முந்தைய கணினி என்றால் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிடிஆர்3 கால போர்டுக்கு வேறு பிராசசர் தேடி அலைவதில் பயனில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றினால் பிள்ளைகளின் படிப்புக்கும் கடிதம் தட்டச்சு செய்யவும் அந்தக் கணினி இன்னும் பல காலம் உழைக்கும்.

மெதுவாகிறது, நடுநடுவே உறைந்து நிற்கிறது, உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று தட்டும் ஒலி வருகிறது என்றால் வேறு எதையும் செய்யாதீர்கள். விண்டோஸைத் திரும்ப ஏற்றாதீர்கள், டிஸ்க் சோதனை மென்பொருளை ஓட்டாதீர்கள். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். அதன் பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில், டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். அவற்றில் பூச்சியம் அல்லாத எண் இருந்து, அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தொடங்கிவிட்டது. சி7 என்ற வரி மட்டும் கூடினால் பெரும்பாலும் சாடா வயர்தான் காரணம், அதை மாற்றினால் போதும்.

இடி மழைக்குப் பின் இணையம் மட்டும் வரவில்லை

தாமிரத் தொலைபேசிக் கம்பி இருந்த காலத்தில் இடி அந்தக் கம்பி வழியே மோடத்துக்கும், அங்கிருந்து லேன் வயர் வழியே மதர்போர்டுக்கும் வந்தது. இப்போது பலர் வீட்டில் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியே வரும், வெளியே ஓடும் கேமரா வயர் வழியே வரும். லேன் துளையில் விளக்கே எரியவில்லை, வயரை மாற்றியும் எரியவில்லை என்றால் அந்தத் துளை மட்டும் கருகியிருக்கலாம். போர்டின் மற்ற பகுதிகள் நன்றாகவே இருக்கும். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்கு வேலையை முடித்துவிடும்.

இடி இல்லாத நாளிலும் தெருவில் நாலைந்து வீட்டில் ஒரே நேரத்தில் டிவியும் கணினியும் போனால் மின்மாற்றிப் பக்கம் நியூட்ரல் அறுந்திருக்கும். மூன்று பேஸ் முறையில் அப்படி நேரும்போது வீட்டுக்குள் 230க்குப் பதில் 400 வோல்ட் வரைகூட வரலாம். விளக்குகள் வழக்கத்துக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால் ஓடிப்போய் மெயினை அணையுங்கள். வானம் கறுத்து இடி கேட்டால் கணினிப் பிளக்கையும் மோடம் பிளக்கையும் லேன் வயரையும் கையால் உருவி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஸ்விட்சை நம்ப வேண்டாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்ன பாகம்தான் என்று உறுதியாகிவிட்டது, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறப் போகிறீர்கள் என்றால், மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கத்தில் உள்ள அட்டவணையையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய ராம், பழைய டிஸ்க் எதுவானாலும் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், பாகத்தின் வரிசை எண் அந்தப் பில்லில் எழுதப்பட்டிருக்கட்டும். வாங்கிய கடையிலேயே ஒருமுறை செருகி ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.